குற்றாலத்துச் சீசனும் கோர்ட்டு பாஷையும்

ஆனி பிறந்து மேல்காற்று வீசத் தொடங்கினால், தென்காசிக் கடைவீதியில் சீசன் பேச்சே பேச்சாயிருக்கும். குற்றாலத்துக்கு நீராட வருவோருக்குச் சீசன் என்றால் சாரலும் அருவியுந்தான். ஆனால் அவ்வார்த்தையின் பூர்வோத்தரத்தை விசாரித்தால் வேறு சங்கதி வெளிப்படுகின்றது. விதைப்பு என்று பொருள்படும் லத்தீன் வார்த்தையொன்று, பிரெஞ்சு வழியாக இங்கிலீஷில் புகுந்து, சீசன் ஆயிற்று. அருவித் தண்ணீர் சிற்றாற்றில் இறங்கி வரக் கண்டு, கார் நெல்லுக்கு நாற்றுப் பாவும் உழவரே அதற்கு அசல் பாத்தியதைக்காரர். அவரோ அதைப் பருவம் என்கிறார்.

இங்கிலீஷ் அகராதியில் பாதிக்கு மேற்பட்ட வார்த்தைகள் லத்தீனிலிருந்து நேராகவோ, பிரெஞ்சு மூலமாகவோ வந்தவை. நாம் கேட்டு நடுங்கும் 'கோர்ட்' ஆதியில் வேலியடைத்த முற்றம். ஆடு, கோழி அடைக்கும் கொல்லைக்கும் அதுவே பெயர். (வெள்ளைக்காரர் 'கோர்ட்டாலம்' என்று எழுதிவைத்தார்களே, அதற்கும் இதற்கும் ஸ்நானப் பிராப்திகூட இல்லை.) 'அபிடவிட்' என்பதற்குச் 'சத்தியஞ் செய்தான்' என்பதற்கு மேல் அர்த்தமில்லை. 'மினிஸ்டர்' என்றால் ஊழியன். 'காண்டிடேட்' வெள்ளை உடுத்தவன். ரோமாபுரியில் பதவி நாடியோர் அங்கியைச் சீமைச்சுண்ணாம்பிட்டு வெளுத்துக்கொண்டு வாக்குக் கேட்டனர். நம் அபேட்சகர்களுக்கும் வெள்ளை வேஷ்டியில் பிரியம் உண்டென்பதை நேயர்கள் அறிவர். அதில் கறை படியாதிருப்பது வேறு விஷயம்.

இத்தகைய சாமானிய வார்த்தைகள் நமக்குக் கம்பீரமாகத் தொனிப்பானேன்? அர்த்தம் விளங்காமையே காரணம். சட்ட விவகாரத்துக்குத் தமிழ் போதாது என்று இன்றும் சிலர் சாதிக்கின்றனர். இதே வாதத்தை இங்கிலாந்தும் கேட்டதுண்டு. 1066-இல் நார்மானியர் வென்ற பின்னர், அந்நாட்டு நியாயஸ்தலங்களில் பிரெஞ்சும் லத்தீனும் கோலோச்சின. 1362-இல் வாதம் இங்கிலீஷில் நடக்கவேண்டுமென்று சட்டம் வந்தும், பதிவேடுகள் லத்தீனிலேயே இருந்தன. வழக்கில் இழுக்கப்பட்டவனுக்குத் தன்மீது சாட்டப்பட்டது இன்னதென்றே தெரியவில்லை என்று காரணங்காட்டி, 1731-இல் பார்லிமெண்டு சட்டமியற்றியது. 1733 முதல் லத்தீன் விலகிற்று. அதை எதிர்த்த நீதிபதிகளும் உண்டு. இங்கிலீஷ் சட்டம் அதனால் க்ஷீணித்துப் போய்விடவில்லை.

தென்காசியிலேயே அத்தாட்சி இருக்கின்றது. 1446-இல் விசுவநாதர் கோயிலைக் கட்டத் தொடங்கிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் அது பழுதுற்றால் செப்பனிடுவோரை முன்கூட்டியே வணங்குவதாகக் கல்லில் பொறித்தது தமிழ்ச் செய்யுளில்தான். ஊரார் படிக்கவேண்டிய விண்ணப்பம் ஊரார் பாஷையில் இருக்கவேண்டுமென்பது அரசனுக்குத் தெரிந்திருந்தது.

தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் 1956-இல் நிறைவேறியது. கீழ்க் கோர்ட்டுகளில் தமிழுக்கு இடமுண்டு. வழக்கு அப்பீலாகி, 2004-இல் திறக்கப்பட்ட ஹைகோர்ட்டின் மதுரைக் கிளைக்குச் சென்றால் பாஷை மாறிவிடுகின்றது. அரசியல் சாஸனத்தின் 348-ஆவது பிரிவு, குடியரசுத் தலைவரின் முன் சம்மதத்தோடு ராஜ்ய பாஷையை ஹைகோர்ட்டு நடவடிக்கைகளில் அனுமதிக்க வழி வைத்திருக்கின்றது. 2006-இல் தமிழ்நாட்டுச் சட்டசபை இதனைக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. சம்மதம் கிட்டவில்லை. தென்காசிக் கட்சிக்காரர் தமது நிலம் தமக்கு நிலைத்ததா என்பதை, தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டே, வக்கீலைக் கேட்டறிகின்றார்.