விட்டதைப் பிடிக்க ஓடுகிறவரிடம் எப்படிப் பேசுவது?

கேரள லாட்டரிக் குலுக்கல் பிற்பகல் 3 மணிக்கு. தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003 ஜனவரியிலேயே தடை வந்துவிட்டது. ஆனாலும் மடத்துக்குளம், உடுமலைப் பக்கம் அந்த 3 மணியை அறியாதவர்கள் குறைவு. கேரளச் சீட்டின் கடைசி மூன்று எண்களைச் சொல்லிப் பணம் கட்டும் 'மூணு நம்பர்' ஆட்டத்துக்கு அப்போதுதான் முடிவு தெரியும். ஜெயிக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. இது பழைய ஆட்டம். புதிய ஆட்டம் சட்டைப் பையில், செல்போனில் இருக்கிறது. அதற்கு நேரம் காலம் கிடையாது.

இதையெல்லாம் எல்லாச் சாதியினரும் ஆடுகிறார்கள். பிறகு ஏன் தலித் பக்கத்தில் பேச வேண்டும்? தோற்ற பிறகு நடப்பதில் வித்தியாசம் இருக்கிறது. தென்னந்தோப்பு வைத்திருப்பவர் ரம்மியில் இரண்டு லட்சம் விட்டால் வீட்டில் சண்டை நடக்கும். அடுத்த இரண்டு வெட்டில் சரிக்கட்டப் பார்ப்பார், இல்லையென்றால் பத்திரத்தை வங்கியில் வைப்பார். நிலமில்லாத அருந்ததியர் குடும்பத்திலோ பறையர் குடும்பத்திலோ அதே தொகை போனால் ஒரு தலைமுறையின் படிப்பு நின்றுபோகும். கைகொடுக்கிற சித்தப்பாவும் கடனில்தான் இருப்பார்.

ஆலோசனைக்குப் போனால் என்ன நடக்கிறது என்பதுதான் இந்த வாரத்து விஷயம். 'கவுன்சலிங்' என்றால் நம்மூரில் பலருக்குப் புரிவதில்லை. கவுன்சிலர் என்றால் வார்டு மெம்பர்தானே, அவர் எதற்கு நம் வீட்டு விஷயத்தில் என்று கேட்பார்கள். அது இருக்கட்டும்.

ஒரு பனியன் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். கற்பனை ஆள்தான், ஆனால் படிப்பவர்களுக்கு ஆளைத் தெரியும். வயது 34. மடத்துக்குளம் பக்கத்து ஊரிலிருந்து விடியற்காலை கம்பெனி வண்டியில் ஏறுகிறார். ஒன்றரை ஷிப்டு பார்த்தால்தான் கையில் நிற்கிற மாதிரிக் கூலி. சனிக்கிழமை ராத்திரி சம்பளம். வண்டியில் திரும்பும் வழியிலேயே போனில் ஆட்டம் ஆரம்பம். வீட்டு வாசலில் இறங்கும்போது பாதிச் சம்பளம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை 'விட்டதைப் பிடிக்கிறேன்' என்று மறுபடியும். திங்கட்கிழமை சூப்பர்வைசரிடம் அட்வான்ஸ். அடுத்த வாரம் லோன் ஆப். தூக்கம் போகிறது, சாப்பாடு போகிறது. யாரோ ஒரு டாக்டர் சொல்லி ஆலோசகரிடம் வருகிறார். ஒரு முறைதான். இரண்டாம் முறை வரவில்லை. ஆலோசகர் தன் குறிப்பேட்டில் 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதிக்கொள்கிறார்.

ஏன் வரவில்லை?

நாற்காலியும் 'நீங்களும்'

கதவைத் திறந்ததும் 'வாப்பா, உட்காரு' என்றிருப்பார் ஆலோசகர். அன்பாகத்தான் சொல்லியிருப்பார். ஆனால் கொங்கு நாட்டில் 'ங்க' என்ற இரண்டெழுத்துக்கு உள்ள எடை எல்லோருக்கும் தெரியும். ஐந்து வயதுப் பையனையும் 'சொல்லுங்க கண்ணு' என்று கூப்பிடுகிற மண் இது. அதே மண்ணில் அறுபது வயது அருந்ததியர் பெரியவரைத் தோட்டத்துச் சின்னப் பையன் பேர் சொல்லி, 'டா' போட்டு அழைத்ததும் உண்டு. அந்தப் பெரியவர் பதிலுக்கு 'சாமி' என்றார். இப்படி வளர்ந்த ஒருவர் காதில் 'வாப்பா' எப்படி விழும் என்று ஆலோசகர் யோசிக்க வேண்டும். முதல் வேலை 'வாங்க, உட்காருங்க'. நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தி வைப்பதும் அந்த வேலையில் சேர்ந்ததுதான். நின்றுகொண்டே பேச அவர் பழக்கப்படுத்தப்பட்டிருக்கலாம்.

அடுத்த கேள்வி, 'மடத்துக்குளத்துல எங்கங்க?' விண்ணப்பத்தில் விலாசக் கட்டத்தை நிரப்பக் கேட்ட கேள்வி. கேட்கப்படுகிறவருக்கு இது சாதியை விசாரிக்கிற கேள்வி. தெருவின் பேரைச் சொன்னால் போதும், முடிந்தது. அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் மு.க.ஸ்டாலின் சட்டப்பேரவையில் அறிவித்தார். அந்தச் சொல் என்ன செய்கிறது என்று அரசே ஒப்புக்கொண்டதாகத்தான் அதைப் பார்க்கிறேன். விலாசம் கடைசியில் கேட்டால் என்ன கெட்டுப்போகும்? எதற்குக் கேட்கிறோம், யார் பார்ப்பார்கள் என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுக் கேட்கலாம்.

பல அருந்ததியர் வீடுகளில் தெலுங்கு பேசுகிறார்கள், சில வீடுகளில் கன்னடம். வெளியே தமிழ். மனசு உடைந்த நேரத்தில் எந்த மொழி வாயில் வரும் என்று கேட்க ஆலோசகருக்குத் தோன்றுமா?

பிறகு அறிவுரைகள். 'கோயிலுக்குப் போங்க, மனசு அடங்கும்' என்பது ஒன்று. எந்தக் கோயில்? சொல்கிறவர் மனதில் இருக்கும் கோயிலுக்குள் கேட்கிறவரின் அப்பா போனதில்லை என்றால்? இன்னொன்று தருமன் சூதாடிய கதை. திருக்குறளில் 94ஆவது அதிகாரமே 'சூது'தான், அதுவும் வரும். குறளில் குறையில்லை. ஆனால் வாழ்நாள் முழுக்க 'உங்க ஆளுங்களுக்குக் காசு தங்காது' என்று கேட்டு வந்தவருக்கு இதுவும் அதே பாட்டாகத்தான் கேட்கும்.

சூதாட்டப் பழக்கம் ஒழுக்கக்கேடு என்ற பேச்சை மருத்துவ உலகம் விட்டு நாளாகிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேட்டில் இதை மதுப்பழக்கம் இருக்கும் அதே பிரிவுக்குள் கொண்டுவந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் இடம் உண்டு. தொகையைக் கூட்டிக்கொண்டே போவது, நிறுத்தினால் எரிச்சல், பொய், கடன், விட்டதைப் பிடிக்கும் ஓட்டம் ஆகியவை அதன் அடையாளங்கள். இதில் சாதிக்கு வேலையில்லை. சிகிச்சை அறையில்தான் சாதி உள்ளே வருகிறது.

கடன் யாருடையது?

ஆலோசகர்கள் அதிகம் தடுமாறுவது பண விஷயத்தில். 'மனைவி கையில் சம்பளத்தைக் கொடுத்துவிடுங்கள்' என்பது புத்தகத்தில் உள்ள நல்ல யோசனை. ஆனால் அந்த மனைவி வீட்டில் உட்கார்ந்திருப்பவர் அல்ல. நூறு நாள் வேலை, கரும்புக் காடு, மில் என்று அவரும் ஓடுகிறவர். அவர் பேரில்தான் குழு லோன் இருக்கிறது. வாரா வாரம் டியூ. பத்துப் பெண்கள் கூட்டுப் பொறுப்பில் வாங்கிய கடன், ஒருவர் கட்டவில்லை என்றால் மற்றவர்கள் கட்ட வேண்டும். அந்த மற்றவர்கள் யார்? நாத்தனார், பெரியம்மா மகள், எதிர்வீட்டு அக்கா. ஒரே தெரு. கணவர் போனில் தோற்ற பணத்துக்காகத் தெருவே மனைவியோடு பேச்சை நிறுத்துகிறது. 'குடும்ப ஆதரவைத் திரட்டுங்கள்' என்று எழுதிக்கொடுக்கிறவருக்கு இது தெரிய வேண்டும். அங்கே திரட்ட ஆள் மிச்சமில்லை.

கடன் என்ற சொல்லுக்கே இங்கே வேறு வரலாறு உண்டு. பண்ணையத்துக்கு இருந்த தாத்தாவின் கதை எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறது. கல்யாணத்துக்கு வாங்கிய கொஞ்சப் பணம், அதற்காக வருஷக் கணக்கில் உழைப்பு, பையனையும் ஆடு மேய்க்க விட்ட கொடுமை. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. அந்தப் பயம் சட்டம் வந்ததும் போய்விடவில்லை. இன்றைக்கு மில்லில் வாங்கும் அட்வான்ஸும் ஆளைக் கட்டிப்போடும். ஆகவே 'எவ்வளவு கடன்?' என்று கேட்டால் உண்மைத் தொகை வராது. பாதிதான் வரும். அதைப் பொய் என்று எழுதிக்கொண்டால் ஆலோசனை அங்கேயே முடிந்தது. யாரிடம் வாங்கியது, அவருக்கு வேலை செய்ய வேண்டியிருக்கிறதா, யார் வீட்டு வாசலுக்கு வருகிறார்கள் என்று மெதுவாகக் கேட்டால் கணக்கு தானாக விரியும்.

'போனைத் தூக்கிப் போடுங்கள்' என்பார்கள். நாளைக்கு ஷிப்டு உண்டா இல்லையா என்று கம்பெனியிலிருந்து அழைப்பு வருவது அந்தப் போனில்தான்.

எதற்காக ஆடுகிறார் என்பதையும் கேட்பதில்லை. பேராசை என்று முன்பே தீர்மானித்துவிடுகிறார்கள். ரம்மி மேசையில் யாரும் 'எந்த ஊர், எந்தத் தெரு' என்று கேட்பதில்லை. அங்கே அவர் வெறும் ஒரு பெயர். ஜெயித்தால் எல்லோருக்கும் மேலே. பகலெல்லாம் பேர் சொல்லி ஏவப்படுகிற ஒருவருக்கு அந்தப் பத்து நிமிடம் என்ன தருகிறது என்று புரியாமல் அதை விடச் சொல்வது லேசில் ஆகாது. ஆட்டத்தை நியாயப்படுத்த இதைச் சொல்லவில்லை. அந்த இடத்தை நிரப்ப வேறென்ன இருக்கிறது என்று ஆலோசகரும் அவரும் சேர்ந்து தேட வேண்டியிருக்கிறது.

நியூசிலாந்திலிருந்து ஒரு பாடம்

மாவோரி பழங்குடிச் செவிலியர் இரிஹாபெட்டி ராம்ஸ்டன் தன் நாட்டில் இதே சிக்கலைப் பார்த்தார். வெள்ளைக்காரர்கள் நடத்தும் மருத்துவமனைக்கு மாவோரிகள் தயங்கித் தயங்கி வந்தார்கள், பாதியில் நின்றார்கள். மாவோரிகளின் பழக்கவழக்கங்களைச் செவிலியர்களுக்கு மனப்பாடம் செய்ய வைத்தால் போதும் என்று அவர் சொல்லவில்லை. செவிலியர் முதலில் தன்னைப் பார்க்க வேண்டும், தன் கையில் இருக்கும் அதிகாரத்தைப் பார்க்க வேண்டும் என்றார். கிடைத்த சிகிச்சை பாதுகாப்பாக இருந்ததா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நோயாளி. 1992இல் நியூசிலாந்துச் செவிலியர் கவுன்சில் இதைப் படிப்பில் சேர்த்தது. அந்த நாட்டில் சூதாட்டப் பாதிப்புக்கு உதவும் சேவைகளிலும் மாவோரிகளுக்கென்றும், பசிபிக் தீவு மக்களுக்கென்றும் தனி அமைப்புகள் இயங்குகின்றன.

இதை இங்கே கொண்டுவந்தால் பயிற்சி எதில் தொடங்கும்? ஆலோசகர் தன் சாதியைப் பற்றித் தனக்குத்தானே பேசுவதில். நம் பயிற்சி வகுப்புகளில் மதுரைவீரன் யாருடைய சாமி என்று சொல்லித்தரக்கூடும். நான் வளர்ந்த வீட்டில் யாருக்குத் தனி டம்ளர் இருந்தது என்று கேட்கச் சொல்வார்களா? மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, 18ஆம் பிரிவில், சாதியின் பேரில் பாகுபாடு இல்லாத சிகிச்சையை உரிமையாகவே சொல்கிறது. அந்த ஒரு வரியை நடைமுறைப்படுத்த இந்தக் கேள்வியிலிருந்துதான் ஆரம்பிக்க முடியும்.

தலித் ஆலோசகர் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். 'நம்மாளுக, சொந்தக்காரங்களுக்குத் தெரிஞ்சிடும்' என்று பயந்து வெளியாளைத் தேடுகிறவர்களும் உண்டு. யார் வேண்டும் என்று அவரையே கேட்கலாம். ஆனால் கேட்பதற்குத் தலித் ஆலோசகர்கள் இருக்க வேண்டுமே. திவ்யா கண்டுகூரி தொடங்கிய 'தி ப்ளூ டான்' அமைப்பு, தலித் பகுஜன் மக்களுக்குப் புரிதலுள்ள மனநல உதவி கிடைக்க வேண்டும் என்பதற்காகவே வந்தது. சமூகநீதி விடுதியில் தங்கிச் சமூகப்பணியோ உளவியலோ படிக்கும் நம் பிள்ளைகள் இந்த வேலையைக் கவனிக்க வேண்டும். எம்.எஸ்.டபிள்யூ. முடித்தால் என்ன வேலை என்று கேட்கும் வீடுகளுக்கு இதையும் சொல்லலாம்.

இன்னொரு சின்ன விஷயம். ஊரில் குடியை விடக் கோயிலில் கயிறு கட்டிக்கொள்கிறார்கள். சூதாட்டத்துக்கும் சிலர் சத்தியம் செய்கிறார்கள். படித்த ஆலோசகர் சிரிக்கக் கூடாது. மதுரைவீரன் முன்னால் செய்த சத்தியம் ஆறு வாரம் தாங்கினால், அந்த ஆறு வாரத்தில் செய்ய வேண்டிய வேலை ஏராளம். கயிறு அறுந்தால் 'சாமி குத்தம்' என்று மனிதர் இன்னும் உடைந்துபோவார் என்பதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2022 ஜூனில் ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் அமைந்த குழுவில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் இருந்தார். அதன் பிறகு வந்த மாநிலச் சட்டம், ஆளுநர் திருப்பி அனுப்பி மறுபடி நிறைவேறி, 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அதில் ஆன்லைன் சூதாட்டம் ஆடுகிறவருக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. ரம்மியும் போக்கரும் இந்தச் சட்டத்தின் சூதாட்டப் பட்டியலில் வராது என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் சொன்னது. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டங்களையும் தடுக்கிறது, ஆனால் ஆடியவரைக் குற்றவாளியாக்கவில்லை. இத்தனையும் ஒரு தொழிலாளிக்கு எப்படித் தெரியும்? போலீஸ் என்றாலே நம் தெருவில் பழைய பயம் உண்டு. 'இங்கே பேசுவது ஸ்டேஷனுக்குப் போகாது' என்று முதல் ஐந்து நிமிடத்திலேயே ஆலோசகர் சொல்லிவிட வேண்டும்.

நேரமும் முக்கியம். வேலை நாளில் காலை 10 மணிக்கு வரச் சொன்னால் அவருக்கு ஒரு ஷிப்டு போய்விடும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சனிக்கிழமைச் சம்பளத்தில் மிச்சம் இருக்கும்போதே பேச ஒரு ஏற்பாடு மடத்துக்குளத்தில் இருந்தால் அடுத்த ஆட்டத்துக்கு முன்னால் ஆளைப் பிடித்துவிடலாம்.

இப்போதைக்கு இருக்கிறவை இரண்டு. மனம் தாங்கவில்லை, உயிரை விடலாம் என்று தோன்றுகிறது, அல்லது வீட்டில் ஒருவரைப் பற்றிப் பயமாக இருக்கிறது என்றால் டெலி மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். கடன்காரர்கள் மிரட்டினால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது. போகும்போது கடன் சீட்டு, போனில் வந்த மிரட்டல் செய்திகள், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு போங்கள்.