கை ஏன் நடுங்குகிறது?

காசிமேட்டில் வலை இழுக்கும் கை, எண்ணூரில் இரும்பு தூக்கும் கை, விடிந்ததும் தேநீர்க் குவளையைப் பிடிக்க முடியாமல் நடுங்குவானேன்? நாம் கேட்கிறோம், உழைத்த களைப்பா? அல்ல, தோழர்களே, அல்ல! இரவு குடித்த பிராந்தி இறங்குகிறது. இன்னும் கொடு என்கிறது உடல். டாஸ்மாக் கதவு திறப்பதோ பகல் 12 மணிக்கு. அதுவரை பொறுக்காமல், கூடுதல் விலைக்குக் 'கட்டிங்' தேடி அலைகிறாரே நம் தோழர், அதுதான் அடையாளம். 'அளவாய்க் குடிப்பவன் நான்' என்ற வாதம் அங்கேயே முறிந்தது!

1948-இல் மாகாணமெங்கும் வந்தது மதுவிலக்கு, 1971-இல் போயிற்று, 1974-இல் மீண்டும் வந்தது, பிறகு அதுவும் போயிற்று. சட்டம் வந்தும் போயும் பார்த்துவிட்டோம். இது நோய்; வேண்டியவர் மருத்துவர்.

'இன்றோடு விட்டேன்' என்று சூளுரைத்து வீட்டிலே முடங்கிவிடாதீர்! நெடுநாள் மிகுதியாய்க் குடித்தவர் திடீரென நிறுத்தினால் ஓரிரு நாளில் வலிப்பு வரலாம், இல்லாத உருவம் கண்ணில் தெரியலாம், உயிரே போகலாம். பேய் பிடித்தது என்று பூசாரியிடம் இழுத்துச் செல்வோரும் உண்டே, வெட்கம்!

இராயபுரத்தாருக்கு ஸ்டான்லி மருத்துவமனை கூப்பிடு தூரம். மனநலப் பிரிவு அங்குண்டு. 'பைத்தியமா உனக்கு?' என்று சிரிப்பவன் சிரிக்கட்டும். அவன் கையையும் சற்றுப் பாருங்கள். போக இயலாதவர் 14416 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம், நள்ளிரவிலும்.

போகும்போது துணைவியாரை உடன் அழைத்துச் செல்லுங்கள். எத்தனை குவார்ட்டர் என்று மருத்துவர் கேட்பார். அம்மையார் சொல்லும் கணக்கே சரியாயிருக்கும்.