சிறகால் பேசிய காகம்

1980-களில் வாஷிங்டன் நகரின் காலடெட் பல்கலைக்கழகம் ஒரு சிறிய நூலை வெளியிட்டது. பெங்களூரின் காது கேளாதோர் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சைகை மொழிக்கான அறிமுகம் அது. கன்னடம், தமிழ், உருது, தெலுங்கு என்று தெருவுக்குத் தெரு பேச்சு மாறும் கன்டோன்மென்ட் பகுதியில், ரிச்சர்ட்ஸ் டவுனில் குடியிருப்பவன் நான். இந்த ஊரில் இன்னொரு மொழியும் இருக்கிறது, அதற்குப் புத்தகமும் இருக்கிறது என்று அறிந்தபோது பெரிதும் மகிழ்ந்தேன். நூலாசிரியர்களில் ஒருவர் மதன் வசிஷ்டா. அவருக்கும் காது கேட்காது.

இமாசலப் பிரதேசக் கிராமம் ஒன்றில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த அவர், 11 வயதில் நோயால் கேட்கும் திறனை இழந்தார். மாடு மேய்த்தார். இளைஞராக டில்லிக்கு வந்து புகைப்படத் தொழில் கற்றார். அங்கே பழகிய காது கேளாத நண்பர்களிடமிருந்து சைகை மொழியும் வந்து சேர்ந்தது. 1967-இல் படிப்பதற்காகக் கடல் தாண்டிக் காலடெட்டுக்குப் போனார். ஆபிரகாம் லிங்கன் 1864-இல் கையெழுத்திட்ட சட்டத்தால் பட்டம் வழங்கும் உரிமை பெற்ற நிறுவனம் அது. காது கேளாதோருக்கென்றே அமைந்தது.

அங்கே போகும் மாணவருக்கு முதல் பாடம் வகுப்புக்கு வெளியிலேயே தொடங்கிவிடும். பேராசிரியர், நூலகர், சாப்பாட்டுக்கூடத்தில் பரிமாறுகிறவர் என எல்லோரும் கையால் பேசுவார்கள். ஒருவரை அழைக்க வேண்டுமானால் மேசையைத் தட்டி அதிர்வை அனுப்பலாம், விளக்கை அணைத்துப் போடலாம். அங்கே அண்மைக்காலத்தில் எழுந்த கட்டடங்களில் நடைவழிகள் அகலமானவை. நடந்துகொண்டே பேசும் இருவர் ஒருவரையொருவர் பார்த்தாக வேண்டும் அல்லவா? அதற்கு இடம் வேண்டும். ஊரில் குறையாகப் பார்க்கப்பட்ட ஒன்று அங்கே கட்டடத்தின் அளவையே தீர்மானிக்கிறது.

அதே காலடெட்டில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர் வில்லியம் ஸ்டோக்கோ. சைகை என்பது ஊமை நடிப்பு, உடைந்த ஆங்கிலம் என்று ஆசிரியர்களே நம்பிய காலத்தில், 1960-இல் அவர் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒவ்வொரு சைகையையும் கையின் வடிவம், அது நிற்கும் இடம், அசையும் விதம் என்று பிரிக்க முடியும். இவற்றில் ஒன்று மாறினாலும் பொருள் மாறிவிடும் என்று காட்டினார். ‘பல்’, ‘பால்’ ஆவது போலத்தான். ஒலி இல்லாமலேயே மொழிக்குரிய அத்தனை கட்டுமானமும் கைகளில் இருந்தது.

இந்தப் பார்வையோடு வசிஷ்டாவும் மொழியியலாளர் ஜேம்ஸ் உட்வர்டும் 1970-களின் பிற்பகுதியில் இந்தியாவுக்கு வந்தார்கள். டில்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூர் ஆகிய நான்கு நகரங்களில் சைகைகளைச் சேகரித்து ஒப்பிட்டார்கள். ஏறத்தாழ 75 சதவீதச் சைகைகள் நகரத்துக்கு நகரம் உறவுடையவையாக இருந்தன. அந்நாளில் பள்ளிகள் கற்றுக்கொடுக்காத மொழி இது. 1880-இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சும் உதட்டசைவும்தான் கற்பிக்க வேண்டும் என்று தீர்மானித்தது; அந்தக் கருத்து உலகெங்கும் பரவி நம் பள்ளிகளையும் பிடித்துக்கொண்டது. வகுப்பில் கையை அசைத்தால் அதட்டல். விடுதி அறையிலும் விளையாட்டுத் திடலிலும்தான் மொழி வளர்ந்தது, பெரிய பிள்ளைகளிடமிருந்து சின்னப் பிள்ளைகளுக்கு.

அதன் சொற்களில் இந்த மண் தெரியும். ஆணுக்கு மீசை, பெண்ணுக்கு மூக்குத்தி. இலக்கணமோ தமிழுக்கும் கட்டுப்படாது, இந்திக்கும் கட்டுப்படாது. கேள்விச் சைகை வாக்கியத்தின் கடைசியில் வரும். ‘இடம்’ என்பதோடு ‘என்ன’ சேர்ந்தால் ‘எங்கே’. ‘முகம்’ என்பதோடு ‘என்ன’ சேர்ந்தால் ‘யார்’. இவற்றை விரிவாக ஆராய்ந்து எழுதியவர் உல்ரிக்கே ஸேஷான் என்ற ஜெர்மானியர்.

ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் பக்கத்திலேயே, ஹென்னூர் சாலை லிங்கராஜபுரத்தில், பேச்சு மற்றும் செவித்திறன் பயிற்சி நிறுவனம் ஒன்றும் மாற்றுத்திறனாளிகள் சங்கம் ஒன்றும் இயங்குகின்றன. அந்த வட்டாரத்தில் கையால் பேசுகிறவர்களைப் பார்ப்பது அதிசயமில்லை. ரிச்சர்ட்ஸ் பூங்காவில் ஒரு மாலை, எனக்குப் பழக்கமான காது கேளாத இளைஞர் ஒருவர் நண்பர்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். பாட்டி வடை சுட்ட கதை. பாட்டி என்று ஒரு சைகை காட்டிவிட்டு அவர் நகர்ந்துவிடவில்லை, பாட்டியாகவே ஆகிவிட்டார். முதுகு வளைந்தது. இடது கை வாணலியைப் பிடித்துக்கொள்ள, வலது கை வடையைத் திருப்பிப் போட்டது; எண்ணெய் தெறித்ததில் முகம் சட்டென்று பின்வாங்கியது. தோளை ஒரு பக்கம் திருப்பினார், கழுத்து வெட்டி வெட்டி அசைந்தது: காகம். இடது முன்கை குறுக்கே நீண்டு மரக்கிளையானது. வலது கையின் இரண்டு விரல்கள் மடங்கி அதன்மேல் உட்கார்ந்தன. கிளை அங்கேயே இருக்க, முகம் மட்டும் நரியாக மாறியது. நரியாக இருக்கும்போது கண் மேலே போனது, காகமாக இருக்கும்போது கீழே இறங்கியது. யார் எங்கே இருக்கிறார்கள் என்பதை அந்தப் பார்வை ஒன்றே சொல்லிவிட்டது.

ஆனால் இந்த நரி காகத்தைப் பாடச் சொல்லவில்லை. இந்தக் காகமும் வடையை அலகில் வைத்திருக்கவில்லை. இரண்டு சிறகுகளுக்கும் நடுவே இடுக்கி வைத்திருந்தது. “உன் கை எவ்வளவு அழகு, ஒரு கதை சொல்லேன்” என்றது நரி. காகம் சிறகை விரித்தது. வடை விழுந்தது.

காது கேளாதோர் பண்பாடு என்று அறிஞர்கள் சொல்வதை இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் விளக்கியதில்லை. கையால் பேசுவதுதான் இயல்பு என்று வைத்துக்கொண்டால் உலகம் எப்படி இருக்கும், கதை எங்கே திரும்பும் என்று அந்த இளைஞர் யோசித்திருக்கிறார். அமெரிக்கக் காது கேளாதோரிடையே பல காலமாகப் புழங்கும் வேடிக்கைக் கதை ஒன்றும் உண்டு. ராட்சதக் குரங்கு ஓர் அழகியைத் தூக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, தன்னை மணந்துகொள்ளும்படி கேட்கிறது. அவர்களுடைய மொழியில் ‘திருமணம்’ என்று சொல்ல இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்க்க வேண்டும். குரங்கு சேர்க்கிறது. வாயால் பேசும் எந்த மொழியிலும் இந்தக் கதையை விளக்கத்தான் முடியும், சொல்ல முடியாது.

ஒரே நேரத்தில் கிளையும் காகமும் நரியின் பார்வையும் எப்படி நிற்கின்றன? பேச்சு ஒரு சொல்லுக்குப் பின் ஒரு சொல்லாகத்தான் வரும். சைகை மொழியில் இரண்டு கை, முகம், தோள், கண், முன்னால் இருக்கும் வெளி எல்லாம் ஒருசேர வேலை செய்யும். சால்க் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த உர்சுலா பெல்லூகியும் சூசன் ஃபிஷரும் 1972-இல் இதை அளந்து பார்த்தார்கள். ஒரு சைகை செய்ய, ஒரு சொல்லைச் சொல்வதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு நேரம் பிடிக்கிறது. ஆனாலும் அதே கதையைச் சொல்லி முடிக்க இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே நேரம்தான். கை மெதுவாகப் போகிறது, கருத்து அதே வேகத்தில் போகிறது.

இன்னும் வியப்பானது மூளையின் கதை. பெல்லூகியும் சக ஆய்வாளர்களும், பக்கவாதம் கண்ட காது கேளாதோரை ஆராய்ந்து 1987-இல் நூலாக வெளியிட்டார்கள். இடது மூளை பாதிக்கப்பட்டவர்களின் சைகை மொழி சிதைந்துபோனது, பேசுகிறவர்களுக்குப் பேச்சு சிதைவதைப் போலவே. வலது மூளை பாதிக்கப்பட்ட ஒருவரால் படத்தின் இடப்பக்கத்தை வரையக்கூட முடியவில்லை. ஆனால் சைகை மொழியில் பேசும்போது இலக்கணத்துக்காக இடப்பக்க வெளியை அவர் சரியாகப் பயன்படுத்தினார். கண்ணால் பார்க்கும் வெளி என்றாலும், மூளைக்கு அது படம் அன்று, மொழி.

கதை சொல்வதைத் தனிக் கலையாகவே வளர்த்தவர்களும் உண்டு. 1956-இல் பாரிசில் மார்சல் மார்சோவிடம் மௌன நாடகம் பயின்ற காது கேளாத நடிகர் பெர்னார்டு பிராக், அண்மைக் காட்சி, தூரக் காட்சி, வெட்டு என்று சினிமாவின் உத்திகளை ஓர் ஆளின் உடலுக்குள் கொண்டுவந்தார். பறவையாகப் பறப்பார், அடுத்த நொடியே அதே பறவை தூரத்துப் புள்ளியாக விரல் நுனியில் நகரும். இன்று பல நாடுகளில் காது கேளாத கலைஞர்கள் அந்த வழியில் மேடையேறுகிறார்கள்.

பெங்களூரிலிருந்து வசிஷ்டாவைப் போல வெளிநாடு போய்ப் படிக்கும் மாணவர் இவற்றையெல்லாம் கற்கட்டும். கூடவே, வடக்கே கௌரிபிதனூர் வட்டத்திலுள்ள அலிப்பூரையும் அறிந்து போகட்டும். பரம்பரையாகக் காது கேளாமை தொடரும் அந்தக் கிராமத்தில் தனியாகவே ஒரு சைகை மொழி பிறந்திருக்கிறது; கேட்கிறவர்களும் அதைப் பேசுகிறார்கள். அதை ஆராய்ந்து 2012-இல் எழுதியவர் சிபாஜி பாண்டா. இந்தியர், காது கேளாதவர், இங்கிலாந்தின் பல்கலைக்கழகம் ஒன்றில் பணியாற்றியவர். வசிஷ்டா போன அதே வழிதான்.

டில்லியிலுள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையத்தின் அகராதி 2021-இல் 10,000 சொற்களைத் தொட்டது. சொற்கள் சேர்கின்றன; கதைகள் இனிமேல்தான் சேர வேண்டும். இந்த மொழிக்குப் பழக்கத்தில் எழுத்து வடிவம் இல்லாததால், படம் பிடிப்பது ஒன்றே சேமிக்கும் வழி. பள்ளிகள் கைகளைக் கட்டிப்போட்ட காலத்தில், தம் மொழி அழிந்துவிடுமோ என்று அஞ்சிய அமெரிக்கக் காது கேளாதோர் பணம் திரட்டி, தேர்ந்த கதைசொல்லிகளை ஊமைப்படங்களில் பதிவு செய்தார்கள். ஜார்ஜ் வெடிட்ஸ் 1913-இல் சைகை மொழிக்காக வாதாடிய படம் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. விடுதி அறைகளில் நம் சைகை மொழியைக் கற்ற தலைமுறை நம் ஊரில் இப்போது முதுமையில் இருக்கிறது. படித்துவிட்டுத் திரும்புகிறவர் ஒரு கேமராவோடு முதலில் அவர்களைத்தான் போய்ப் பார்க்க வேண்டும்.