ஒரு பாயிண்டும் ஒரு சாட்சியமும்

பந்தயத்தில் வென்றவரை உலகம் போற்றுவது இயல்பு. ஆனால், தோற்றவரின் நாவினாலேயே வென்றவருக்கு வெற்றி வாய்த்ததென்றால், புகழில் யாருக்கு எவ்வளவு பங்கு? 1958ம் வருஷத்திய மோட்டார் பந்தய உலக சாம்பியன் பட்டம் இக்கேள்வியை நம்முன் நிறுத்துகிறது.

அவ்வருஷம் பட்டம் பெற்றவர் மைக் ஹாதார்ன் என்ற ஆங்கிலேயர். அவருக்கு மட்டுமன்று, பிரிட்டனுக்கே அது முதல் பட்டம். அவர் ஓட்டியது இத்தாலியரின் பெராரி கார். அவருடன் மோதியவரும் ஓர் ஆங்கிலேயரே. வான்வால் கார் ஓட்டிய ஸ்டர்லிங் மாஸ்.

ஆகஸ்டு மாதம் போர்த்துக்கல் தேசத்துப் போர்ட்டோ நகர வீதிகளில் நடந்த பந்தயத்தில் மாஸ் முதலாவதாக வந்தார், ஹாதார்ன் இரண்டாவது. ஆனால், இடையே கார் சுழன்று நின்றுவிட, ஹாதார்ன் அதை எதிர்த் திசையில் உருட்டிக் கிளப்பினார் என்று குற்றச்சாட்டு எழுந்தது. அது ருசுவானால் அவருடைய ஸ்தானம் போய்விடும்.

நடந்ததை நேரில் கண்டவர் மாஸ். அவர் வாளாவிருந்திருந்தால் யார் குறை கூறியிருப்பர்? அவரோ அதிகாரிகளிடம் சென்று, காரை உருட்டியது நடைபாதையில்தான், பந்தயப் பாதையில் அன்று என்று சாட்சியம் அளித்தார். ஹாதார்னின் 7 பாயிண்டுகள் நிலைத்தன.

அக்டோபர் 19ந் தேதி மொராக்கோவின் காஸாபிளாங்காவில் கடைசிப் பந்தயம். மாஸ் வென்றார், அதிவேகச் சுற்றும் அவருடையதே. ஆயினும் ஹாதார்ன் இரண்டாவதாக வந்தார். முடிவு: ஹாதார்ன் 42, மாஸ் 41. போர்ட்டோவின் பாயிண்டுகள் இன்றேல் பட்டம் மாஸுக்கே போயிருக்கும்.

ஹாதார்னின் பட்டம் இரவல் பட்டம் என்று நாம் கூறமாட்டோம். மாஸ் நான்கு பந்தயங்களில் வென்றார். ஹாதார்ன் வென்றது ஒன்றே. ஆனால், ஐந்து முறை இரண்டாவதாக வந்த அவருடைய நிதானத்துக்கு விதிப்படி கிடைத்த பரிசு அது. பட்டத்துடன் பந்தயத்தினின்று விலகிய அவர், 1959 ஜனவரியில் சாலை விபத்தில் மாண்டார். மாஸோ 2020ல் மறையும்வரை உலக சாம்பியன் என்ற பெயரைப் பெறவேயில்லை.

எதிரிக்கு அநியாயம் நேரும்போது மௌனம் சாதிப்பது லாபமாகத் தோன்றும். தேர்தல் களத்தில் நிற்போரும் கட்சி நடத்துவோரும் இதை நன்கு அறிவர். லாபம் கைக்கெட்டிய வேளையிலும் உண்மையை உரைப்பவனே நேர்மையாளன். பட்டம் ஹாதார்னுக்கு, நம் வணக்கம் இருவருக்கும்.