உஷார்! கையில் காப்பீட்டு அட்டை, மருந்துக்குக் கடன்

‘அனைவருக்கும் இலவச மருத்துவம்’ என்று மேடையில் யாராவது முழங்கினால், கைதட்டும் முன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: ஆஸ்பத்திரியில் சேராத நோயாளிக்கு என்ன தருவீர்கள்? சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாதாமாதம் மாத்திரை வாங்குகிறவருக்கு? குழந்தைக்குக் காய்ச்சல் என்று ராத்திரி கிளினிக் வாசலில் டோக்கனோடு நிற்கிற அம்மாவுக்கு? இதற்குத் தெளிவான பதில் வராவிட்டால், உங்கள் கைக்கு வரப்போவது ஒரு காப்பீட்டு அட்டை மட்டும்தான். அதையே முழு மருத்துவம் என்று நம்பி, அவசரத்துக்கு வைத்திருக்கும் சேமிப்பை வேறு எதற்கும் எடுத்துவிடாதீர்கள்.

2018 செப்டம்பரில் ராஞ்சியில் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டையே எடுத்துக்கொள்வோம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய். பெரிய தொகைதான். அறுவை சிகிச்சை செய்துகொண்டு உயிர் பிழைத்தவர்கள் ஏராளம், மறுக்கவில்லை. ஆனால் உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான் அந்தத் தொகை. சேர்வதற்கு முந்தைய 3 நாள் செலவும், டிஸ்சார்ஜ் ஆன பிறகு 15 நாள் மருந்தும் கணக்கில் சேரும். பதினாறாவது நாளிலிருந்து? இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட்டாக வேண்டும். அரசு மருத்துவமனை பக்கத்தில் இருந்து, அந்த மருந்து அங்கே கையிருப்பிலும் இருந்தால் தப்பித்தார். இல்லையென்றால் மெடிக்கல் ஷாப்தான், சொந்தப் பணம்தான். நம் நாட்டுக் குடும்பங்கள் மருத்துவத்துக்காகக் கைக்காசிலிருந்து செலவழிப்பதில் பெரும்பங்கு இந்த வெளிநோயாளிச் செலவுதான். அதிலும் மருந்துக்குப் போவதே அதிகம். அட்டை அங்கே எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

வாக்குறுதி புதிதில்லை. பணமில்லாத காரணத்தால் ஒருவருக்கும் சிகிச்சை கிடைக்காமல் போகக் கூடாது என்று ஜோசப் போர் தலைமையிலான குழு 1946-லேயே எழுதி வைத்தது. 1978-ல் அல்மா அட்டாவில் உலக நாடுகளோடு நாமும் ஒப்புக்கொண்டது, 2000-க்குள் அனைவருக்கும் நலவாழ்வு. 1983 சுகாதாரக் கொள்கை அதையே இலக்காக எடுத்துக்கொண்டது. 2002 கொள்கை, அரசின் சுகாதாரச் செலவை நாட்டின் மொத்த உற்பத்தியில் 2010-க்குள் 2 சதவீதமாக்குவோம் என்றது. 2017 கொள்கை, 2025-க்குள் 2.5 சதவீதம் என்றது. தேசிய சுகாதாரக் கணக்குப்படி, கொரோனாவுக்காகக் கூடுதலாகச் செலவு செய்த 2021-22-ல்கூட எட்டியது 1.84 சதவீதம்தான்.

அந்தக் கெடு ஆண்டுகளைக் கவனியுங்கள். ஒவ்வொன்றும் அறிவித்த நாளிலிருந்து எட்டு, பதினேழு ஆண்டுகள் தள்ளி, அடுத்த தேர்தலைத் தாண்டித்தான் வைக்கப்பட்டிருக்கிறது. கெடு வரும்போது கேட்க ஆளிருக்காது. கேட்டாலும், சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது என்று மத்திய அரசு சொல்லும். வரி வருவாயின் பெரும்பகுதி டெல்லியில் இருக்கிறது என்று மாநில அரசு சொல்லும். இரண்டும் உண்மைதான். அதனால்தான் இது இவ்வளவு ஆபத்து. நிறைவேறாத வாக்குறுதிக்கு யாரும் பொறுப்பாளி ஆவதில்லை.

சரி, காப்பீட்டை மட்டும் ஏன் சொன்னபடி கொண்டுவருகிறார்கள்? ஒரே ஆண்டில் அட்டை அச்சடித்துத் தலைவர் படத்தோடு வீடு வீடாகக் கொடுத்துவிட முடியும். ஒரு அறுவை சிகிச்சை நிபுணரை உருவாக்கப் பத்தாண்டு பிடிக்கும். அவரைச் சிற்றூரில் தங்கவைக்கக் குடியிருப்பு வேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும், கூடவே மயக்க மருந்து டாக்டரும் நர்ஸும் வேண்டும். அதற்கு ரிப்பன் வெட்டும் விழா கிடையாது. மத்திய அரசின் புள்ளிவிவரங்களிலேயே, கிராமப்புறச் சமுதாய சுகாதார நிலையங்களில் தேவையான நிபுணர்களில் சுமார் 80 சதவீதம் பற்றாக்குறை. நிபுணரே இல்லாத இடத்தில் 5 லட்ச ரூபாய் அட்டையை யாரிடம் நீட்டுவது? நடுத்தர வர்க்கம் தனியாருக்குப் போய்விட்டதால், சத்தமாகக் கேட்கத் தெரிந்தவர்களும் அரசு ஆஸ்பத்திரிக்காகக் கேட்பதில்லை. இது எனக்குப் பெரிய கவலை.

ராஜஸ்தானில் நடந்ததை ஒவ்வொரு வாக்காளரும் தெரிந்துகொள்ள வேண்டும். 2021-ல் சிரஞ்சீவி காப்பீடு வந்தது. 5 லட்சம் 10 லட்சமானது; 2023 தேர்தலுக்கு முன் 25 லட்சமானது. அதே ஆண்டு மார்ச்சில், மருத்துவத்தை மக்களின் சட்ட உரிமையாக்கும் மசோதாவும் சட்டமன்றத்தில் நிறைவேறியது. உயிருக்கு ஆபத்தான நிலையில் வருகிறவரிடம் முன்பணம் கேட்காமல் சிகிச்சை தர வேண்டும் என்பது அதன் சாரம். தனியார் மருத்துவர்கள் இரண்டு வாரத்துக்கும் மேலாகப் போராடினார்கள். பணத்தை யார் திருப்பித் தருவார், எப்போது தருவார் என்ற அவர்கள் கேள்வியில் நியாயம் இருந்தது. அரசு பல தனியார் மருத்துவமனைகளுக்கு விலக்கு தந்து சமாதானம் பேசியது. சட்டத்தை நடைமுறைப்படுத்தும் விதிகள் வருவதற்குள் டிசம்பரில் ஆட்சி மாறியது. காப்பீட்டுக்கு வேறு பெயர் வைக்கப்பட்டது. கேட்டு வாங்கும் உரிமை விதிகள் இல்லாமல் காகிதத்தில் நின்றது.

முடியவே முடியாத காரியம் என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள். தாய்லாந்து செய்து காட்டியிருக்கிறது, அதுவும் 1997 நிதி நெருக்கடியில் அடிபட்டு எழுந்துகொண்டிருந்த நேரத்தில். டாக்டர் சங்குவான் நிட்டயாரம்பொங்கும் அவரோடு இருந்த மருத்துவர்களும் பல ஆண்டு கணக்குப் போட்டு வைத்திருந்த திட்டத்தைத் தக்சின் ஷினவத்ராவின் கட்சி தேர்தலில் வாக்குறுதியாக்கியது. ஒரு முறை வந்தால் 30 பாட், அவ்வளவுதான் கட்டணம். 2001 ஜனவரியில் வென்றார்கள்; ஏப்ரலில் ஆறு மாகாணங்களில் தொடங்கினார்கள்; 2002-க்குள் நாடு முழுவதும் வந்துவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் சட்டமும் ஆனது. ஆட்சிகள் கவிழ்ந்தன, ராணுவம் வந்தது, திட்டம் நிற்கவில்லை. வெளிநோயாளிச் சிகிச்சையும் மருந்தும் முதல் நாளிலிருந்தே அதில் உண்டு. இது சாத்தியமானதற்குக் காரணம் தேர்தல் அறிக்கை மட்டுமல்ல. அதற்கு முந்தைய முப்பது ஆண்டுகளாக, படித்து முடித்த மருத்துவர்களைக் கிராமத்துக்கு அனுப்பி, மாவட்டந்தோறும் அரசு மருத்துவமனைகளைக் கட்டி வைத்திருந்தார்கள். வாக்குறுதி வந்தபோது நோயாளி போய் நிற்க ஓர் இடம் இருந்தது.

தமிழ்நாட்டில் அந்த இடம் ஓரளவு இருக்கிறது, அதனால்தான் பதறுகிறேன். 1994-ல் ஏற்படுத்தப்பட்ட மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக மருந்து வாங்கி ஆரம்ப சுகாதார நிலையம் வரை சேர்த்த விதத்தை மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப்போயின. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்தது. அட்டை விட்ட ஓட்டையை அடைப்பவை இவைதான். நாளைக்கு இங்கேயும் உனக்கு 10 லட்சம், எனக்கு 25 லட்சம் என்று ஏலம் தொடங்கினால், அந்தப் பணம் எங்கிருந்து வரும்? ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்துக்கும் நர்ஸின் சம்பளத்துக்கும் போக வேண்டிய பணத்திலிருந்து வந்துவிடக் கூடாது. காப்பீட்டுத் தொகை ஏறும்போதெல்லாம் இந்த இரண்டும் ஏறியதா என்று பாருங்கள்.

அட்டை வைத்திருப்பவர்கள் இப்போதே செய்ய வேண்டியவை உண்டு. அட்டையில் உங்கள் செல்போன் எண் சரியாகப் பதிவாகியிருக்கிறதா பாருங்கள். ஆயுஷ்மான் பாரத்தில் ஒரே எண்ணில் ஏறக்குறைய 7.5 லட்சம் பயனாளிகள் பதிவாகியிருந்ததை 2023-ல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் கண்டுபிடித்தார். போகிற மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா, உங்கள் நோய்க்கான சிகிச்சை அங்கே உண்டா என்பதைச் சேருவதற்கு முன்பே 14555 என்ற உதவி எண்ணில் கேளுங்கள். தனியாகப் பணம் கேட்டால் ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள்.

அடுத்து, உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எத்தனை பணியிடங்கள், எத்தனை காலி, கடந்த ஆறு மாதத்தில் எந்தெந்த மருந்து எத்தனை நாள் இல்லை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும். வேட்பாளர் உங்கள் தெருவுக்கு வருவதற்கு முன் அந்தப் பதில் கையில் இருக்கும்படி இந்த வாரமே மனுவைப் போடுங்கள்.