திரையைக் காட்டும்போது கவனம்

எனது தேயிலைப் பக்கட்டுகளுக்கு லேபல் வரைபவர் கல்முனையில் வீட்டிலிருந்து வேலை செய்கிறார், நான் புறக்கோட்டையில். முன்பு ஓர் எழுத்தைத் திருத்த நாலு தடவை தொலைபேசியில் கத்துவோம். இப்போது அவர் தன் கணினித் திரையை எனக்குக் காட்டுகிறார். பத்து நிமிடத்தில் வேலை முடிகிறது.

இதற்குக் காசு தேவையில்லை. பலரும் பழகியிருந்த ஸ்கைப் 2025 மே மாதம் மூடப்பட்டது. சூம் இலவசக் கணக்கில் 40 நிமிடம்தான். கூகுள் மீட்டில் மூவர் சேர்ந்தால் ஒரு மணித்தியாலம். இருவர் என்றால் நாள் முழுக்கப் பேசலாம். வட்ஸ்அப் வீடியோ அழைப்பிலும் 2023 முதல் இவ்வசதி உண்டு. சின்ன வேலைக்கு அதுவே போதும்.

எனிடெஸ்க், டீம்வியூவர் வேறு ரகம். அவற்றின் மூலம் மற்றவர் உங்கள் கணினியை அங்கிருந்தே இயக்கலாம். அவற்றின் இலவசப் பாவனை வியாபாரத்துக்கு அல்ல. வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று யாராவது இவற்றைப் போடச் சொன்னால் உடனே தொலைபேசியை வையுங்கள்.

நான் பட்டதையும் சொல்கிறேன். ஒரு மொத்த வியாபாரிக்கு விலைப்பட்டியலைக் காட்ட முழுத் திரையையும் திறந்து விட்டேன். இடையில் வந்த செய்தியில் எனது கொள்விலை! அவர் வாய் திறக்கவில்லை. அடுத்த ஓடரில் கிலோவுக்கு 40 ரூபா குறைத்துக் கேட்டார். கணினியில் முழுத் திரையா, ஒரு ஜன்னல் மட்டுமா என்று கேட்கும். ஜன்னலையே தெரிவு செய்யுங்கள். கைத்தொலைபேசி என்றால், வரும் செய்திகள் திரையில் தோன்றாதபடி முதலில் நிறுத்தி விடுங்கள்.