கரண்ட் வைக்கும் முன்னே… கதவுக்குப் பின்னே!

கேன்சர் ஆஸ்பத்திரியின் கதிர்வீச்சுப் பிரிவுக்குப் போனவர்களுக்கு அந்தப் பெரிய மிஷினைத் தெரியும். தடித்த கான்கிரீட் சுவர்களுக்கு நடுவே, படுத்திருப்பவரைச் சுற்றி மெதுவாகச் சுழலும் லீனியர் ஆக்ஸிலரேட்டர். பார்த்தவுடனே பிரமித்துப் போவோம். ஆனால் அதே பிரிவில் இன்னொரு கதவு இருக்கிறது. நோயாளிகளுக்கு அதைத் திறக்கும் வேலையே வராது. உள்ளே ஏ.சி. குளிர், வரிசையாக மானிட்டர்கள், அவற்றின் முன்னால் கண் கொட்டாமல் உட்கார்ந்திருக்கும் மெடிக்கல் பிசிசிஸ்ட்டுகள். அதுதான் பிளானிங் ரூம். மிஷின் செய்யப்போகிற ஒவ்வொரு அசைவும் முடிவாவது இங்கேதான். வாங்க, சத்தம் போடாமல் உள்ளே போவோம்!

தொண்டைப் புற்றுநோய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இந்த அறையின் முழுத் திறமையையும் கேட்கிற இடம் அது. கட்டிக்குப் பின்னால் தண்டுவடம். இரு காதுகளையும் ஒட்டி உமிழ்நீர்ச் சுரப்பிகள். முன்னால் தாடை எலும்பு, கீழே குரல்வளை. எல்லாமே சில சென்டிமீட்டர் தூரத்துக்குள்! கட்டியைக் கொல்ல வேண்டும், அக்கம்பக்கத்தைக் காப்பாற்ற வேண்டும். எப்படி?

ஒரே ஒருவருக்கான முகமூடி

முதல் வேலை, மாஸ்க். சல்லடை போல் ஓட்டைகள் கொண்ட பிளாஸ்டிக் தகடு. வெந்நீரில் போட்டதும் துவண்டுவிடும். அதை எடுத்து முகத்தின்மேல் விரித்து இழுத்தால் நெற்றி, மூக்கு, தாடை எல்லாம் அச்சாகப் பதிந்து, சில நிமிடங்களில் இறுகிவிடும். அன்றிலிருந்து சிகிச்சை முடியும்வரை தினமும் அதே மாஸ்க், அதே படுக்கை, அதே நிலை.

மாஸ்க்கைப் போட்டபடியே சி.டி. ஸ்கேன். நமக்கு அது வெறும் சாம்பல் நிறப் படம். கம்ப்யூட்டருக்கோ புள்ளிக்குப் புள்ளி ஓர் எண்! தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000, எலும்புக்குப் பல நூறு. சி.டி.யை உருவாக்கியதற்காக 1979இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால் வழங்கும் அளவு இது. எந்த இடத்தில் கதிர் எவ்வளவு தேயும், எங்கே தேயாமல் ஊடுருவிப் போகும் என்பதை இந்த எண்களை வைத்துத்தான் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கிறது.

கோடு போடும் நேரம்

இப்போது டாக்டர் வருகிறார். கையில் மவுஸ். இரண்டு, மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் எடுத்த நூற்றுக்கும் மேற்பட்ட ஸ்கேன் படங்கள். ஒவ்வொன்றிலும் கோடு போட வேண்டும்! முதல் கோடு, கண்ணுக்குத் தெரிகிற கட்டியைச் சுற்றி. இரண்டாவது, ஸ்கேனில் தெரியாமல் புற்றணுக்கள் பரவியிருக்கக்கூடிய இடத்தையும் சேர்த்து. மூன்றாவது, படுப்பதில் தினமும் வரும் சின்னச் சின்ன மாறுதல்களுக்கு இடம் விட்டு, இன்னும் சில மில்லிமீட்டர் தள்ளி. 1993இல் சர்வதேச அறிக்கை ஒன்று வகுத்துத் தந்த இந்த மூன்று வட்டங்களைத்தான் உலகம் முழுக்க டாக்டர்கள் இன்றும் போடுகிறார்கள்.

அடுத்து, காப்பாற்ற வேண்டியவை: தண்டுவடம், உமிழ்நீர்ச் சுரப்பிகள், தாடை, குரல்வளை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். இந்த வேலைக்கு மணிக்கணக்கில் ஆகும். இப்போது செயற்கை நுண்ணறிவு உறுப்புகளைச் சில நிமிடங்களில் வரைந்து கொடுக்கிறது. ஆனாலும் டாக்டர் ஒவ்வொரு படமாகப் பார்த்துத் திருத்திய பிறகுதான் அது செல்லும்.

70 கிரே என்னும் ஆச்சரியம்

அடுத்தது டோஸ். தொண்டைக் கட்டிக்குப் பெரும்பாலும் மொத்தம் 70 கிரே. ஒரே நாளில் அல்ல, நாளுக்கு 2 கிரே வீதம் 35 நாள். வாரத்தில் ஐந்து நாள், ஏழு வாரம். இடையில் கிடைக்கும் நேரத்தில் நல்ல செல்கள் தங்களைச் சரிசெய்துகொள்ளும். புற்றணுக்களுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு.

கரண்ட் வைத்தால், அதாவது கதிர்வீச்சு கொடுத்தால், உடம்பு வெந்துபோகும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு! ஒரு கிரே என்பது ஒரு கிலோவுக்கு ஒரு ஜூல் ஆற்றல். முழு 70 கிரேயையும் ஒரே நேரத்தில் தண்ணீரில் செலுத்தினாலும் அதன் வெப்பம் ஒரு டிகிரியில் ஐம்பதில் ஒரு பங்குகூட ஏறாது. கதிர் சூட்டினால் கொல்வதில்லை. செல்லுக்குள் புகுந்து டி.என்.ஏ. இழைகளை அறுக்கிறது. எனக்கு இதை நினைத்தாலே சிலிர்க்கிறது!

கட்டிக்கு 70. தண்டுவடத்துக்கோ எந்தப் புள்ளியிலும் 45, 50 கிரேயைத் தாண்டக் கூடாது. உமிழ்நீர்ச் சுரப்பிக்குச் சராசரி 25க்குள் இருந்தால் நல்லது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இடங்களுக்கு இத்தனை வித்தியாசம்!

கேட்டால் வழி சொல்லும் கம்ப்யூட்டர்

ஒரு காலத்தில் டோஸ் வரைபடங்களைக் காகிதத்தில் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, பென்சிலால் கையால் கூட்டிக்கொண்டிருந்தார்கள். 1955இல் கே.சி. சியென் அந்தக் கூட்டலைத் துளையிட்ட அட்டைகளைப் படிக்கும் கணக்கு இயந்திரத்திடம் ஒப்படைத்தார். கம்ப்யூட்டர் பிளானிங்குக்குப் பிள்ளையார் சுழி அதுதான். அதன் பிறகும் பல பத்தாண்டுகள் மனிதர்தான் கதிரின் கோணத்தைத் தேர்ந்தெடுப்பார், டோஸ் எங்கே விழும் என்று கம்ப்யூட்டர் சொல்லும். சரிவரவில்லையா? திரும்ப முதலிலிருந்து.

1980களில் ஸ்வீடனின் ஆண்டர்ஸ் பிராமே இதைத் தலைகீழாகத் திருப்பினார். டோஸ் எப்படி விழ வேண்டும் என்பதை நாம் சொல்வோம், கதிர் எப்படி வர வேண்டும் என்பதைக் கணக்கு கண்டுபிடிக்கட்டும்! இன்று பிசிசிஸ்ட் செய்வது அதைத்தான். ‘கட்டிக்கு 70, தண்டுவடத்துக்கு 45க்குள், சுரப்பிக்கு 25க்குள்’ என்று திரையில் நிபந்தனைகளை இடுகிறார். எது முக்கியம், எதில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம் என்பதற்கும் எடை போடுகிறார். பட்டனைத் தட்டியதும் கம்ப்யூட்டர் ஆயிரமாயிரம் சேர்க்கைகளை முயன்று பார்க்கத் தொடங்கும். திரையில் கோடுகள் நெளியும், தண்டுவடத்தின் டோஸ் இறங்கும், பார்க்கும் நமக்குக் கைதட்டத் தோன்றும்!

அந்தச் சேர்க்கைகளை மிஷினில் நிறைவேற்றுவது டங்ஸ்டன் இலைகள். தனித்தனியே நகரும் பற்கள் கொண்ட இரண்டு சீப்புகளை எதிரெதிரே வைத்தாற்போல், பக்கத்துக்கு 60 வீதம் 120 இலைகள் பல மிஷின்களில் இருக்கின்றன. கதிர் வெளியே வரும் வாசலில் அவை நகர்ந்து நகர்ந்து திறப்பின் வடிவத்தை மாற்றும். 2008இல் கனடாவின் கார்ல் ஓட்டோ இன்னும் ஒரு படி தாண்டினார். மிஷின் நிற்காமல் ஒரு சுற்றுச் சுழல, இலைகள், சுழலும் வேகம், கதிரின் அளவு மூன்றும் ஒரே நேரத்தில் மாறும்! இரண்டு டிகிரிக்கு ஒரு வடிவம் என்றால் ஒரு சுற்றில் ஏறத்தாழ 180 வடிவங்கள். எல்லாம் ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

கடைசி டோஸ் கணக்கில் இன்னொரு வேடிக்கை. இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம், நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்த கணித மேதை ஸ்டானிஸ்லாவ் உலாம் பொழுதுபோக்காகத் தனியே சீட்டாடிக்கொண்டிருந்தார். ஜெயிக்கும் வாய்ப்பைச் சூத்திரம் போட்டுக் கண்டுபிடிப்பதை விட, பல தடவை ஆடிப் பார்த்து எண்ணிவிடலாமே என்று அவருக்குத் தோன்றியது. அந்த யோசனையில் பிறந்ததுதான் மான்டே கார்லோ முறை. இன்று பல பிளானிங் மென்பொருள்கள் இதே முறையில் கோடிக்கணக்கான ஒளித்துகள்களை, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் அந்த நோயாளியின் உடம்பில் ஒவ்வொன்றாக ஏவி, எது எங்கே மோதி எவ்வளவு ஆற்றலைக் கொட்டுகிறது என்று எண்ணுகின்றன!

இவ்வளவு பாடும் எதற்கு? ஒரு வாய்ச் சோற்றுக்கு! உமிழ்நீர் வற்றினால் சோறு தொண்டையில் இறங்காது, பேச்சு ஒட்டிக்கொள்ளும், பற்கள் சொத்தையாகும். பிரிட்டனில் நடந்து 2011இல் வெளியான பார்ஸ்போர்ட் ஆய்வு பழைய முறையையும், இலைகளால் டோஸைச் செதுக்கும் ஐ.எம்.ஆர்.டி. முறையையும் ஒப்பிட்டது. ஓராண்டுக்குப் பின், கணிசமான வாய் வறட்சி பழைய முறையில் 74 சதவீதம் பேருக்கு, புதிய முறையில் 38 சதவீதம் பேருக்கு. அந்த இடைவெளியை உண்டாக்கியது இந்த அறையின் கணக்கு!

ஒத்திகை இல்லாமல் மேடை இல்லை

டாக்டர் கையெழுத்துப் போட்டாலும் பிளான் நேராக நோயாளியிடம் போகாது. சாயங்காலம் நோயாளிகள் கிளம்பிய பிறகு, பிசிசிஸ்ட் உணர்கருவிகள் பதித்த பிளாஸ்டிக் பொம்மையைப் படுக்கையில் வைத்து முழு சிகிச்சையையும் அதற்குக் கொடுத்துப் பார்ப்பார். கணக்குக்கும் கருவி அளந்ததற்கும் 3 சதவீதம், 2 மில்லிமீட்டர் வரை வித்தியாசம் இருக்கலாம். நூறு புள்ளிகளில் 95 இதற்குள் அடங்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. அடங்கவில்லை என்றால் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும், தேவைப்பட்டால் பிளானையே மாற்ற வேண்டும். பிறகு சிகிச்சை நாட்களில் மிஷினிலேயே ஸ்கேன் எடுத்து, பிளான் படத்தோடு பொருத்திப் பார்த்துத்தான் கதிரைத் திறப்பார்கள்.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் ஒருவருக்குக் கரண்ட் வைக்க வேண்டும், பிளான் போடச் சில நாள் ஆகும் என்று டாக்டர் சொன்னால், ‘மிஷின் சும்மாத்தானே இருக்கிறது, நாளைக்கே ஆரம்பியுங்கள்’ என்று அவசரப்படுத்தாதீர்கள். அந்த நாட்களும் சிகிச்சைதான். தொடங்கிய பிறகு ஒரு நாளைக்கூடத் தவறவிடாதீர்கள், நடுவில் நாள் விட்டால் பலன் குறையும். நன்றாகச் சாப்பிட வைத்து எடை இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மெலிந்து மாஸ்க் தளர்ந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். புது ஸ்கேன் எடுத்து, புது பிளான் போட்டுக் கொடுக்க அந்த அறையில் ஆட்கள் இருக்கிறார்கள்.